தாடை நீண்ட கதை

என் வைஸின் வாய் ஒரு சாண்.
யஸ்னா கொண்டுவந்த அளவு
இரண்டு மீட்டர் முப்பது.

"எவால்டின் கால் கட்டிலுக்கு வெளியே கிடக்கிறது.
ராத்திரி விழித்துப் பார்த்தால்
அறையில் இன்னொருவன்
படுத்திருப்பதாகத் தோன்றுகிறது" என்றாள்.
சிரிக்கவில்லை.
சால்மன் பண்ணையில் வலை இழுப்பவன் அவன்,
தூங்க மட்டும் வீட்டுக்கு வருகிறவன்.

காஸ்ட்ரோவில் மழை ஒரு செய்தி அல்ல.
நின்றால்தான் கதவைத் திறந்து பார்ப்போம்,
என்ன ஆயிற்றென்று.
கடலில் கால் ஊன்றி நிற்கும் பட்டறை என்னுடையது.
தரைப்பலகை இடுக்கில்
ஓதம் ஏறுவதும் வற்றுவதும் தெரியும்.
அங்கேதான் கட்டில் சட்டத்தை
விளிம்பு மேலாக நிறுத்திக் கவ்வ வைத்தேன்.

நடுவில் பிடித்தால் இரு நுனியும் ஊசலாடும்.
ஓரத்தில் பிடித்தால் தாடை கோணும்,
சொத்தைப் பல்காரன்
ஒரு பக்கமாக மெல்வது போல.
இழைப்புளியை ஒரு தள்ளுத் தள்ளினேன்.
சட்டம் மூக்கால் தரையைத் தொட்டது.
எதிர்ப்பக்கம் ஒரு கட்டையை அண்டை கொடுத்தேன்.
நுனிக்கு ஸ்டூல் வைத்தேன்.
ஸ்டூலுக்கு உயரம் போதாமல்
அதன்மேல் பெயின்ட் டப்பா.
டப்பா உருண்டது.
ஒரு நீலக் கோடு
இடுக்கு வழியே கடலுக்குப் போனது.

அப்புறம்தான் துணிந்தேன்.

லூமா மரத்தில் புதுத் தாடை, ஒன்றரை முழம்.
ஆணி அடித்தால்
ஆணி மன்னிப்புக் கேட்கும் மரம் அது.
அத்தனை அகலத்துக்கு ஒற்றைத் திருகு போதாது.
பழையதோடு வேறொன்றைச் சேர்த்தால்
புரிக்குப் புரி ஒவ்வாமல்
ஒன்று ஓடும், ஒன்று நொண்டும்.
ரோசமேலின் ஆப்பிள் பிழியும் செக்கில்
இரட்டைத் திருகு இருந்தது.
மார்ச் வரை அவனுக்கு அது வேண்டாம்.
நான் கேட்கவும் இல்லை.

இரண்டும் ஒன்றாய்ச் சுழல
இரண்டு பல்சக்கரம், ஒரு சைக்கிள் சங்கிலி.
அது ரொட்டிக்கடை அபெலார்தோவுடையது.
பிரேக் போய்
மாதக்கணக்காகச் சுவரில் சாய்ந்திருந்த வண்டி.
கேட்டேன். எடுத்துக்கொள் என்றான்,
வண்டியையே எடுத்துக்கொள் என்றான்.

முதல் சுற்றில் வலப்பக்கம் முந்தியது.
சங்கிலியைக் கழற்றி
ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினேன்.
ஒரு பல்தான்.
தாடை நேராக வந்து
இடமும் வலமும் ஒரே மூச்சில் கவ்வியது.

சட்டம் அசையவில்லை.
இழைத்தேன்.
ஒரு விரற்கடை நகர்ந்தது மேசை.

மேசையைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினேன்.
மேசை அசையவில்லை.
இழைத்தேன்.
அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன.
பக்கத்து வீட்டு எர்மிந்தா
கைப்பையும் செருப்புமாகத் தெருவுக்கே வந்துவிட்டாள்.
"எத்தனை ரிக்டர் சொல்கிறார்கள்?"
கட்டில், என்றேன்.
நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம்
நனைந்துகொண்டு நின்றாள்.

வற்றத்தில் ரப்பர் பூட்ஸோடு
ஏணி இறங்கிப் பார்த்தேன்.
பன்னிரண்டு கம்பங்கள்.
பதினொன்று சேற்றில் நிற்கின்றன.
மூலைக் கம்பத்தைப்
புழு அரித்துத் தின்றிருக்கிறது.
அடிப்பாகமே இல்லை.
என் கை அதற்கும் சேற்றுக்கும் நடுவே
தாராளமாகப் போய்வந்தது.
எத்தனை வருஷமாகவோ
அது வீட்டைத் தாங்கவில்லை,
வீடுதான் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

கட்டில் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது.
எவால்ட் மல்லாந்து படுத்துப் பார்த்தானாம்,
கால்விரலை ஆட்டி ஆட்டி.

மூலைக்குப் புதுக் கம்பம் சொல்லியாகிவிட்டது.
சைப்ரஸ், ஆறு மீட்டர்.
நாளை படகில் வருகிறது.
தாடையைத் திறந்து வைத்துக்கொண்டு
அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
ஒன்றரை முழம்.